வாசகர் கேள்வி-பதில்: ராஃபிள்ஸ்ல ரெண்டு ராத்திரி, அம்மாவுக்கு தயிர்சாதம் கிடைக்குமா?

கேள்வி: அப்பாவுக்கு திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம் முடிஞ்சுது. சிங்கப்பூர்ல இருக்குற தம்பி அவங்க ரெண்டு பேருக்கும் ராஃபிள்ஸ் ஹோட்டல்ல ரெண்டு ராத்திரி ரூம் போட்டுருக்கான். குறுவை அறுப்பு முடிஞ்சதும் திருச்சில ஃபிளைட் ஏறுறாங்க. அம்மா சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. "அங்கல்லாம் நமக்கு எப்படிடி சரிப்படும்"னு இப்பவே பயப்படுறாங்க. என்ன சொல்லி அனுப்பட்டும்?
- வாசகி, மன்னார்குடி

பதில்: அம்மாகிட்ட முதல்ல சொல்லுங்க, அந்த ஹோட்டல்ல எதையும் கூச்சப்படாம கேக்கலாம், அதுக்கும் சேர்த்துதான் தம்பி காசு கட்டிருக்கான். 1887ல சார்க்கீஸ்னு ஆர்மீனிய அண்ணன் தம்பிங்க ஆரம்பிச்ச ஹோட்டல் அது, இப்ப அங்க ரூம் எல்லாமே சூட்தான் (பெட்ரூமோட உக்கார தனி இடமும் சேர்ந்த பெரிய ரூம்), கவனிச்சுக்க பட்லர் உண்டு. சூடா பால் வேணும், இன்னொரு தலகாணி வேணும்னா போன்ல சொன்னா போதும். புடவையோட எந்த டைனிங் ஹாலுக்கும் தாராளமா போகலாம், அப்பாவுக்கு வேட்டி சட்டை அழகா இருக்கும், கைலியும் ரப்பர் செருப்பும் மட்டும் ரூமோட இருக்கட்டும்.

சாப்பாட்டுல தான் கவனம் வேணும். அந்த ஊர்ல வெறுமன 'வெஜிடேரியன்'னு சொன்னா பத்தாது, ஏன்னா காய்கறி வதக்கல்ல சிப்பில செய்யுற ஆய்ஸ்டர் சாஸ் ஊத்துவாங்க, சில சமையல்ல மீன் சாஸ் இருக்கும், சிவப்பா ஒரு சம்பல் தொட்டுக்க வைப்பாங்களே அதுல பெலாச்சான்னு இறால் விழுது இருக்கும், பாத்தா நம்ம மிளகா சட்னி மாதிரியே இருக்கும். அதனால கறி, மீன், இறால், முட்டை, இந்த சாஸ் எதுவும் கூடாதுன்னு தம்பியை இப்பவே ஹோட்டலுக்கு மெயில் போட சொல்லுங்க. முன்னாடியே தெரிஞ்சா கிச்சன்ல தனியா செஞ்சு தர வசதியா இருக்கும், டேபிள்ல உக்காந்தப்புறம் சொன்னா அவங்களுக்கும் கஷ்டம். அங்கயே டிஃபின் ரூம்னு வட இந்திய சாப்பாட்டு ரெஸ்டாரன்ட் இருக்கு, ஒரு வேளை அங்க சாப்பிடலாம். தயிர்சாதத்துக்கு மனசு ஏங்கினா டாக்சி புடிச்சு சிராங்கூன் ரோடு போயிடுங்க, 1947லேர்ந்து இருக்குற கோமள விலாஸ் அங்கதான், வாழை இலை சாப்பாடே கிடைக்கும்.

ரூமுக்குள்ள விளக்கு, கற்பூரம், சாம்பிராணி எதுவும் ஏத்த வேணாம், புகை பட்டா அலாரம் அடிச்சிரும். சாமி கும்பிடணும்னா அதே சிராங்கூன் ரோட்டுலயே வீரமாகாளியம்மன் கோயில் இருக்கு. அங்க பிளக் பாயின்ட்டுக்கு மூணு சதுரப் பின் வேணும், நம்ம சார்ஜர் சொருகாது, அடாப்டர் ஒண்ணு பையில போடுங்க. குழாய் தண்ணி தைரியமா குடிக்கலாம். மினிபார்ல இருக்குறத எடுக்குறதுக்கு முன்னாடி எது காசு எது ஃப்ரீன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கட்டும்.

அப்புறம் மெனுவுல விலை பக்கத்துல ரெண்டு பிளஸ் குறி இருந்தா, சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், அதுக்கு மேல ஜிஎஸ்டி 9 சதவீதம் தனின்னு அர்த்தம், நூறு டாலர் சாப்பாடு கிட்டத்தட்ட 120 ஆயிடும். அப்பாகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, இல்லன்னா பில்ல பாத்துட்டு அடுத்த வேளை சாப்பிடவே மாட்டார்.

கேள்வி: சிங்கப்பூர் ஹோட்டல்ல டிப்ஸ் எவ்வளவு குடுக்கணும்?
- வாசகர், குத்தாலம்

பதில்: அந்த ஊர்ல டிப்ஸ் கட்டாயம் இல்லை, சர்வீஸ் சார்ஜ் பில்லுலயே வந்துடும். பெட்டி தூக்கிட்டு வந்தவருக்கோ ரொம்ப பாசமா கவனிச்சவருக்கோ குடுக்கணும்னு தோணுச்சுன்னா குடுங்க, சந்தோஷமா வாங்கிப்பாங்க. செக்-இன் பண்ணும்போது கார்டுல டெபாசிட்னு ஒரு தொகைய நிறுத்தி வைப்பாங்க, செலவு போக மிச்சம் திரும்பி வர சில நாள் ஆகும், அதனால இருக்குற மொத்த லிமிட்டும் அந்த ஒரே கார்டுல இருக்குற மாதிரி கிளம்பாதீங்க.