விருத்தம் பாடுபவருக்கு எந்த மென்பொருள்?

கேள்வி: நான் தேவாரமும் திருப்புகழும் பாடுகிறேன். வீட்டிலேயே குரலைப் பதிவுசெய்து, மிருதங்கமும் வயலினும் சேர்த்து வெளியிட விரும்புகிறேன். என்னிடம் 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் லேப்டாப் இருக்கிறது. தோழி ஒருவர் எஃப்எல் ஸ்டுடியோ வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் லாஜிக் ப்ரோவே சிறந்தது என்கிறார். எதை வாங்குவது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: லாஜிக் ப்ரோ உங்கள் கணினியில் இயங்காது. அதை உருவாக்கிய எமாஜிக் நிறுவனத்தை 2002இல் ஆப்பிள் வாங்கியதும் விண்டோஸ் பதிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது. இதற்காக மேக் கணினி வாங்குவதைவிட, அந்தப் பணத்தை நல்ல மைக்குக்குச் செலவிடுவதே மேல்.

எஃப்எல் ஸ்டுடியோ 1997இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் வந்தது. தாளக்கட்டை முதலில் அமைத்து, அதன்மீது ஒவ்வொரு ஒலியாக அடுக்கிப் பாட்டை உருவாக்குபவர்களுக்கு அது மிகவும் உகந்தது. ஒருமுறை வாங்கினால் புதிய பதிப்புகளும் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் உங்கள் பாட்டு குரலிலிருந்து பிறக்கிறது. தாளம் அதைத் தொடர்ந்து வருகிறது. எனவே உங்களுக்கு நான் பரிந்துரைப்பது ரீப்பர். கணினியில் பாட்டுக் கேட்க உதவும் வின்ஆம்ப் மென்பொருளை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல் தொடங்கிய கோக்கோஸ் நிறுவனத்தின் மென்பொருள் இது. 60 நாள்கள் எந்த வசதியும் குறையாமல் பயன்படுத்திப் பார்க்கலாம்; அதன்பின் தனிநபர் உரிமத்துக்கு 60 டாலர். இதில் வாத்திய ஒலிகள் அதிகம் இல்லை என்பது உண்மையான குறைதான். ஆயினும் மிருதங்கத்தையும் வயலினையும் கலைஞர்களே வாசிக்கப்போகும்போது அந்தக் குறை உங்களைத் தொடாது.

நான் இதைச் சொல்வதற்கு முக்கியக் காரணம் தாளம். எந்த மென்பொருளைத் திறந்தாலும் 4/4 என்ற கணக்கும், நிமிடத்துக்கு 120 என்ற வேகமும், திரை முழுவதும் கட்டங்களுமே பெரும்பாலும் முதலில் தெரியும். ஆதி தாளம் அதில் இயல்பாகப் பொருந்திவிடும். செய்யுளை ராகத்தில் விரித்துப் பாடும் விருத்தத்துக்கோ தாளமே இல்லை. ஆகவே தாளம் காட்டும் கிளிக் ஒலியையும், பதிவைக் கட்டங்களோடு ஒட்டவைக்கும் ஸ்னாப்பையும் நிறுத்திவிட்டு, தம்பூராவை மட்டும் ஹெட்போனில் வைத்துக்கொண்டு பாடுங்கள். திருப்புகழில் மிஸ்ர சாபு வந்தால் 7/8 என்றும், கண்ட சாபு வந்தால் 5/8 என்றும் அந்தந்த இடத்தில் குறித்துக்கொள்ளலாம். ரீப்பரில் எந்த அடி அழுத்தமாக ஒலிக்க வேண்டும் என்பதையும் நாமே தீர்மானிக்க முடியும் என்பதால், ‘தகிட தகதிமி’ என்ற 3+4 பிரிவு காதில் தெளிவாக விழும். பாடி முடித்தபின் வேகக் குறிகளை மாற்ற நினைத்தால், அதற்கு முன்பே டைம்பேஸ் என்ற அமைப்பை ‘டைம்’ என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பதிவுசெய்த குரல் இடம் நகர்ந்துவிடும், அதை மீண்டும் பொருத்துவது பெரும் பாடு.

விலை கூடிய மென்பொருளில் குரல் இனிமையாகப் பதியும் என்ற எண்ணம் வேண்டாம். பதிவின் தரத்தை 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துவிட்டால் எல்லா மென்பொருளும் ஒரே குரலை ஒரே மாதிரிதான் எழுதிக்கொள்கின்றன. வேறுபாடு மைக்கிலும் அறையின் எதிரொலியிலும் இருக்கிறது. பாடும்போது உங்கள் குரல் ஹெட்போனில் தாமதமாகக் கேட்டால், கணினி ஒலியைச் சிறிது சிறிதாகத் தேக்கிக் கையாளும் அளவான பஃபரைக் குறையுங்கள்: 512 சாம்பிளுக்கு ஏறக்குறைய 10.7 மில்லிசெகண்ட் ஆகும், 128க்கு 2.7தான். இதற்கு, தாமதத்தைக் குறைக்கும் ஏஸியோ டிரைவருடன் வரும் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியுடன் இணைக்கும் கருவி) தேவை. பதிவுகளை ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங் வேலையைச் செய்யும்போது பஃபரை மீண்டும் கூட்டிவிட்டால், உங்கள் 8 ஜிபி லேப்டாப்பே இந்தச் சில ட்ராக்குகளைத் தாங்கும்.

வயலின் கலைஞர் வேறு மென்பொருள் வைத்திருந்தாலும் கவலையில்லை. உங்கள் குரலை 0:00இலிருந்து தொடங்கும் ஒரே வேவ் கோப்பாக அனுப்பி, அவருடைய வாசிப்பையும் அதே தொடக்கப் புள்ளியிலிருந்து வேவ் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள்.