டீசல் வான் நடுவழியில் நின்றால்: கேள்வி பதில்

ஹைஏஸ், கோஸ்டர், ரோசா என்று எதையாவது வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் வைத்து வீடாக்கிக்கொண்டு கொழும்பிலிருந்து கிளம்புகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பதிலுக்கு முன்னால் ஒரு விஷயம். உங்கள் எஞ்சின் பழைய பம்ப் வகையா, அல்லது மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலை ஒரு பொதுக் குழாயில் (ரெயில்) வைத்துப் பகிர்கிற கொமன் ரெயிலா என்று கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள், ரோட்டில் எதில் கைவைக்கலாம் என்பது அதைப் பொறுத்தது. டொல்பின் என்கிற பழைய ஹைஏஸில் வருகிற 3எல், 5எல் எஞ்சின்கள் பழைய வகை. கேடிஎச் என்கிற பிந்திய ஹைஏஸில் வருகிற 1கேடி, 2கேடி கொமன் ரெயில்.

கேள்வி (வெள்ளவத்தை): அண்ணா, 5எல் டொல்பின். அநுராதபுரம் தாண்டி டீசல் முடிந்து நின்றுவிட்டது. கானில் வாங்கி ஊற்றினோம். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பற்றரி இறங்கும்வரை அடித்துப் பார்த்துவிட்டோம்.

பதில்: லைனில் காற்றுப் பிடித்துவிட்டது தம்பி. டீசலை அமுக்கினால் சுருங்காது, காற்று சுருங்கும், அதனால் பம்ப் எவ்வளவு தள்ளினாலும் இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சுகிற முனை) திறக்கிற அளவுக்கு அழுத்தம் ஏறாது. ஸ்டார்ட்டரை அடித்துக்கொண்டே இருந்தால் பற்றரிதான் போகும். பில்டருக்கு மேலே கறுப்புக் குமிழ் மாதிரி ஒரு கைப்பம்ப் இருக்கும், அதை உள்ளங்கையால் அமுக்குங்கள். முதலில் லேசாக இறங்கும், டீசல் நிரம்ப நிரம்ப இறுகிக்கொண்டு வரும், கடைசியில் அமுக்கவே முடியாது. அப்போது ஸ்டார்ட் பண்ணுங்கள், ஒரு தடவைக்கு பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், இடையில் ஒரு நிமிடம் விடுங்கள். அதற்கும் பிடிக்காவிட்டால் இன்ஜெக்டருக்குப் போகிற பைப் நட்டுகளில் இரண்டை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு இன்னொருவரைத் திறப்பைத் திருகச் சொல்லுங்கள். நுரை நுரையாக வரும், பிறகு நுரையில்லாமல் டீசல் துப்பும், உடனே இறுக்குங்கள். தளர்த்தும்போது ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள், முகத்தைத் தள்ளி வையுங்கள்.

கைப்பம்பை எவ்வளவு அமுக்கியும் இறுகவில்லையா? எங்கேயோ காற்று இழுக்கிறது. பெரும்பாலும் தாங்கியிலிருந்து வருகிற ரப்பர் குழாய் வெடித்திருக்கும், அல்லது கிளிப் தளர்ந்திருக்கும்.

கேள்வி (தெஹிவளை): கேடிஎச்சிலும் அப்படி நட்டைத் தளர்த்தலாமா?

பதில்: கூடவே கூடாது. அங்கே ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் ஏறும், பீச்சினால் தோலைத் துளைத்து டீசல் உள்ளே போய்விடும், காயம் ஊசி குத்தியது மாதிரிச் சின்னதாகத் தெரிந்தாலும் ஒப்பரேஷன் வரைக்கும் போகும். கைப்பம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): 3எல். ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவிட்சைப் போட்டு அணைத்தது மாதிரி நின்றது. டீசல் இருக்கிறது, புகையும் இல்லை.

பதில்: திக்கித் திக்கி நின்றால் டீசல் வரத்து, ஒரேயடியாக நின்றால் முதலில் கரண்டைப் பாருங்கள். இன்ஜெக்டர் பைப்புகள் கிளம்புகிற பக்கத்தில் டீசல் பம்பின் பின்புறம் ஒற்றை வயரோடு ஒரு சொலினொயிட் இருக்கும், கரண்ட் வந்தால்தான் டீசலுக்கு வழிவிடுகிற வால்வு அது. திறப்பை ஒன் பண்ணினால் அதில் டிக் என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் வயர் கழன்றிருக்கும் அல்லது ப்யூஸ் போயிருக்கும், இல்லாவிட்டால் சொலினொயிடே போய்விட்டது. கடைசி வகை என்றால், அதைக் கழற்றி உள்ளே இருக்கிற சின்ன முளையையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டுத் திரும்பப் பூட்டி ஓட்டிவருகிற வித்தை உண்டு. ஆனால் பிறகு திறப்பால் எஞ்சின் நிற்காது, பிரேக்கை மிதித்து மேல் கியரில் கிளட்சை விட்டுத்தான் நிறுத்த வேண்டும். பக்கத்தில் கராஜ் இருந்தால் இந்த வேலைக்குப் போகாதீர்கள்.

கேள்வி (பம்பலப்பிட்டி): கடுகண்ணாவை ஏற்றத்தில் சூடு காட்டுகிற ஊசி சிவப்புக்குப் போகிறது. றேடியேட்டர் புதிது அண்ணா.

பதில்: றேடியேட்டர் புதிதாக இருந்தால் விசிறியைப் பாருங்கள் தங்கச்சி. எஞ்சின் சூடாக இருக்கும்போது, அணைத்துவிட்டு, விசிறியைக் கையால் சுற்றுங்கள். தடையோடு சுற்ற வேண்டும். சும்மா சுழன்றுகொண்டே போனால் நடுவில் இருக்கிற விஸ்கஸ் கப்ளிங் (சூடானதும் விசிறியை எஞ்சினோடு பிடித்துச் சுற்றவைக்கிற பாகம்) செத்துவிட்டது, சமதரையில் தெரியாது, ஏற்றத்தில் காட்டிக்கொடுக்கும். தாங்கியில் 100 லீட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ, அதை மலைக்கு ஏற்றிக்கொண்டு போகத்தான் வேண்டுமா? மேலேயும் தண்ணீர் கிடைக்கிறது.

ரோட்டில் ஊசி ஏறத் தொடங்கியதுமே ஏசியை நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்து, ஓரம் கட்டுங்கள். ஆவி வராவிட்டால் கொஞ்சநேரம் அணைக்காமல் ஓடவிடலாம். ஆவி வந்தால் உடனே அணையுங்கள். மூடியை முக்கால் மணிநேரமாவது தொடாதீர்கள், எஞ்சின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். குறிப்பாக 1கேஇசட் வைத்திருப்பவர்கள், சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு விழுவதற்கு அது ஏற்கனவே பேர்போன எஞ்சின்.

கேள்வி (மட்டக்குளி): 2கேடி. ஏற்றத்தில் இழுவை போய் எஞ்சின் லைட் எரிகிறது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது.

பதில்: பில்டர் அடைத்திருக்கும், அல்லது பம்புக்குள் போகிற டீசலின் அளவைக் கட்டுப்படுத்துகிற எஸ்சிவி வால்வு ஒட்டுகிறது. பில்டர் மலிவு, அதை முதலில் மாற்றுங்கள். அதன் அடியிலிருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். வான் நிற்கும்போது எஞ்சின் வேகம் தானாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் எஸ்சிவி மேல் சந்தேகம் கூடும். ஸ்கேனர் போடாமல் இன்ஜெக்டரை மாற்றச் சொல்கிற கராஜிலிருந்து திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி (வத்தளை): வானுக்குள் வீட்டுப் பாவனைக்கு வைத்த பற்றரி லிதியம். அதிலிருந்து ஸ்டார்ட் எடுக்கலாமா?

பதில்: நேரடியாக வேண்டாம், ஸ்டார்ட்டர் இழுக்கிற கரண்டுக்கு அதன் பாதுகாப்புச் சுற்று துண்டித்துவிடும். ரோசாவில் 24 வோல்ட், அதற்கு 12 வோல்ட் வானிலிருந்து வயர் கொடுக்கவும் வேண்டாம். ஒரு மீட்டர் வைத்திருங்கள். 12 வோல்ட் வானில் நிற்கும்போது 12.6, ஓடும்போது 14 அளவில் இருந்தால் நல்லது. ஓடும்போதும் 12 என்றால் ஒல்டர்னேற்றரையும் பெல்ட்டையும் பாருங்கள்.

கேள்வி (நுகேகொடை): தெற்கு அதிவேகப் பாதையில் நின்றுவிட்டால்?

பதில்: அங்கே ஸ்பானரை எடுக்கவே எடுக்காதீர்கள். இடது ஓரம் கட்டி, ஹசார்ட் லைட் போட்டு, காஸ் சிலிண்டரை மூடி, எல்லோரையும் இடது பக்கக் கதவால் இறக்கித் தடுப்புக்கு அப்பால் நிறுத்திவிட்டு 1969க்கு அடியுங்கள். கட்டிலில் படுத்திருக்கிற பிள்ளைகளையும் எழுப்பி இறக்குங்கள்.

கேள்வி (கொள்ளுப்பிட்டி): என்ன சாமான் கொண்டுபோக வேண்டும்?

பதில்: டீசல் பில்டர் ஒன்று, பெல்ட், ப்யூஸ், டீசல் குழாய் ஒரு முழம், கிளிப், கரண்ட் வருகிறதா என்று பார்க்க டெஸ்ட் லாம்ப். எல்லாம் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் ஒரே நடையில் வாங்கலாம். பழைய பில்டரைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள், ரப்பர் வாஷர் கூட இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பார்த்தபிறகே காசைக் கொடுங்கள்.