மறதியில் தொடங்குங்கள், இட் ஈகோவில் அல்ல

நீங்கள் அலசும் கதையில், படுத்த படுக்கையான அப்பாவை விழுந்து விழுந்து கவனிக்கும் மகன், இரவு மாத்திரையை மட்டும் மூன்று முறை மறக்கிறான். இதில் இட் (அடிமன உந்துதல்) எது, சூப்பர் ஈகோ (உள்ளிருந்து கண்டிக்கும் மனசாட்சி) எது என்று கேட்டிருக்கிறீர்கள். அவனை அப்படிக் கூறு போடாதீர்கள். உளப்பகுப்பாய்வை உருவாக்கிய பிராய்ட் 1923இல் முன்வைத்த இட், ஈகோ (இடையில் நின்று சமாளிக்கும் ‘நான்’), சூப்பர் ஈகோ என்ற மூன்றும் மூன்று ஆட்கள் அல்ல. ஒரே செயலுக்குள் மோதிக்கொள்பவை.

அந்த மறதியையே எடுங்கள். அது ஒரு சமரசம்: கோபம் மாத்திரையை நிறுத்திவிடுகிறது, ‘மறந்துட்டேன்’ என்ற சொல் அவனைக் குற்றவாளி ஆகாமல் காக்கிறது. அளவுமீறிய பணிவிடையை எதிர்வினை உருவாக்கம் (உள்ளே இருக்கும் உணர்வை அதற்கு நேரெதிரான நடத்தையால் மூடுவது) என்று வாசிக்கலாம். ஆனால் அன்பும் அப்படித்தானே இருக்கும்? வித்தியாசம் அந்தப் பணிவிடையின் விறைப்பில். வேறொருவர் உதவ வந்தால் பதறுகிறானா, பாருங்கள்.

மறந்த மூன்று இரவுகளுக்கும் முந்தைய பக்கங்களைத் திரும்பப் படியுங்கள். அங்கே ஓர் அவமதிப்போ ஒப்பீடோ இருந்தால் வாதம் நிற்கும், இல்லாவிட்டால் ஊகம்தான். மறந்தபின் சாப்பிடாமல், தூங்காமல் தன்னையே தண்டிக்கிறானா? சூப்பர் ஈகோ அங்கேதான் பிடிபடும்.

பலர் சறுக்குவது, கதையில் இல்லாத குழந்தைப் பருவத்தைத் தாங்களே எழுதிச் சேர்ப்பதில். மகனுக்கு அம்மாமேல் ஈர்ப்பு, அப்பாமேல் போட்டி என்று பிராய்ட் சொன்ன ஈடிபஸ் சிக்கலைத் தொடவே வேண்டாம்; அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று நீங்களே சொல்கிறீர்களே.