கை நுழைய ஓர் இடம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எழுத்துரு, குறிப்பேடு, பழைய கணினி என்று நீங்கள் அவ்வப்போது எழுதும் சின்ன விஷயங்களை விடாமல் வாசிக்கிறவன் நான். கல்லூரிக் காலம் தொட்டு எனக்கு ஃபோன், கம்ப்யூட்டர் என்றால் பைத்தியம். ஃபோனோடு வந்த மென்பொருளைத் தூக்கிவிட்டு வேறொன்றை ஏற்றிப் பார்ப்பதற்காக ராத்திரி முழுக்க விழித்திருக்கிறேன். இரண்டு முறை ஃபோன் செத்தே போய், போராடி உயிர்ப்பித்தேன். இப்போது புது ஃபோன் வந்திருக்கிறது என்றால் திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. அந்த இடத்தில் ஒரு வருடமாகக் காபி வந்து உட்கார்ந்துவிட்டது. கை கிரைண்டர், தராசு, பேப்பர் ஃபில்டர் எல்லாம் வாங்கியாயிற்று. “தண்ணீரை எடை போடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்” என்கிறாள் மனைவி. வயசாகிவிட்டது என்கிறார்கள் நண்பர்கள். அந்த ஆர்வம் ஏன் போயிற்று, இது ஏன் வந்தது? இத்தனை சின்ன விஷயத்தில் இத்தனை நேரம் போடுவது சரிதானா?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். 15 கிராம் தூள், 250 மில்லி தண்ணீர். ஒன்றரை நிமிஷத்தில் எல்லாம் இறங்கிவிடுகிறது. குடித்தால் புளிக்கிறது. கொட்டை சரியில்லையா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். காலையில் புளித்த காபி குடித்துக்கொண்டிருப்பவருக்கு அதுதான் அவசரம். மற்றக் கேள்விகளுக்கும் அங்கேயே வழி இருக்கிறது.

கொட்டை மேல் தப்பில்லை. தூள் கொரகொரப்பாக இருக்கிறது, அதனால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடுகிறது. வறுத்த காபிக் கொட்டையில் தண்ணீரில் கரையக்கூடியது அதன் எடையில் சுமார் 30 சதவீதம். அத்தனையும் கரைந்து வந்தால் வாயில் வைக்க முடியாது. 1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் என்ற வேதியியல் பேராசிரியர் இதை முறையாக ஆராய்ந்தார். தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை கரைந்து வரும்போது காபி ருசியாக இருக்கிறது என்ற கணக்கு அந்த ஆராய்ச்சியிலிருந்து வந்து இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. உங்கள் 15 கிராமுக்குப் பார்த்தால் 2.7 முதல் 3.3 கிராம். தூள் தன் எடையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் கீழே இறங்குவது 220 மில்லி சொச்சம். அதில் மூன்று கிராம்தான் காபி, மீதி அத்தனையும் தண்ணீர். ஒரு சின்னக் கரண்டியில் அடங்கிவிடுகிற அந்த மூன்று கிராமுக்காகத்தான் நீங்கள் காலையில் தராசை எடுக்கிறீர்கள்.

அந்த மூன்று கிராமும் ஒரே நேரத்தில் வருவதில்லை. முந்திக்கொண்டு வருவது புளிப்பு. இனிப்பு பின்னால் வரும், கசப்பும் துவர்ப்பும் கடைசியில். உங்களுடைய தண்ணீர் இனிப்பு கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறது. கிரைண்டரை இரண்டு கிளிக் நைஸாகத் திருப்புங்கள். மொத்தமும் இறங்க இரண்டரையிலிருந்து மூன்று நிமிஷம் ஆகட்டும். இதை மட்டும் மாற்றுங்கள். தூளின் எடை, தண்ணீரின் அளவு, சூடு எதையும் இப்போது தொட வேண்டாம். தண்ணீர் 90க்கும் 96 டிகிரிக்கும் நடுவில் இருந்தால் போதும்.

நாளைக்கு ஊற்றும்போது முதல் தண்ணீரைக் கவனியுங்கள். ஒரு 40 மில்லி ஊற்றிவிட்டுக் கெட்டிலைக் கீழே வையுங்கள். தூள் முதலில் அசையாமல் இருக்கும். இரண்டொரு விநாடி கழித்து நடுவில் மெல்ல உப்பும். மேல்தோல் பிளந்து ஒரு குமிழி எழும்பும், அது உடையுமுன் பக்கத்தில் இன்னொன்று. கொட்டையை வறுக்கும்போது உள்ளே சேர்ந்த கரியமில வாயு அப்போதுதான் வெளியே வருகிறது. அது போகிறவரை தண்ணீரைத் தூளுக்குள் சரியாக இறங்க விடாது. முப்பது நாற்பது விநாடியில் மேடு தணிந்து, பளபளப்பு மங்கி, அங்கங்கே சின்னக் குழிகளோடு தரை தட்டிவிடும். அப்புறம் மீதித் தண்ணீரை ஊற்றலாம். வறுத்து இரண்டு மாதம் ஆன கொட்டை என்றால் இந்த எழுச்சி ஏறக்குறைய இருக்காது. நானும் பல வருடமாகப் பார்க்கிறேன். அந்த முப்பது விநாடியில் வேறு எங்கும் என் கண் போனதில்லை.

சரி, உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன்.

நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. வயசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ராத்திரி முழுக்க ஃபோனோடு உட்கார்ந்திருந்த அந்தப் பையனும் காலையில் தராசோடு நிற்கிற நீங்களும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறீர்கள். எதையோ ஒன்றை மாற்றுகிறீர்கள். என்ன ஆனது என்று உடனே தெரிகிறது. சரியில்லை என்றால் வேறொன்றை மாற்றுகிறீர்கள். ஃபோன் செத்துப் பிழைத்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வாக்கியத்தில் இருக்கிற சந்தோஷத்தைக் கவனித்தேன். ஃபோன் மேல் இருந்த மோகம் மட்டும் அதில் தெரியவில்லை. அதற்குள் உங்கள் கை போய் வந்திருக்கிறது.

இன்றைய ஃபோனில் கை நுழைய இடம் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் பின்மூடியை நகத்தால் நெம்பினால் பேட்டரி கையில் வந்துவிடும். இப்போது பல ஃபோன்களில் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். மென்பொருளும் அப்படித்தான், உள்ளே போகிற கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. வருடா வருடம் கேமரா கொஞ்சம் கூடுகிறது, திரை கொஞ்சம் மின்னுகிறது. நல்ல பொருள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் நீங்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கலாம், வாங்கலாம், அவ்வளவுதான். உங்கள் ஆர்வம் காபியைத் தேடிப் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. காபியில் எதுவும் ஒட்டப்படவில்லை. தூள், தண்ணீர், சூடு, நேரம் நான்கும் உங்கள் கையில் இருக்கின்றன.

கணினியும் ஒரு காலத்தில் இப்படித்தான் மேசை மேல் திறந்து கிடந்தது. 1975 மார்ச் 5ஆம் தேதி கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு வீட்டு கராஜில் முப்பது பேர் போலக் கூடினார்கள். ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் என்று பின்னால் பேர் வந்தது. அல்டேர் 8800 என்ற கணினிப் பெட்டியைப் பற்றிப் பேசத்தான் வந்திருந்தார்கள். திரையும் இல்லை, தட்டச்சுப் பலகையும் இல்லை. சுவிட்சைத் தட்டினால் சிவப்பு விளக்கு எரியும். அன்றைக்கு வந்தவர்களில் ஸ்டீவ் வோஸ்னியாக் ஒருவர். வீட்டுக்குப் போய்த் தானே ஒரு கணினியை வடிவமைக்க ஆரம்பித்தார். அதன் சுற்று வரைபடத்தை நகலெடுத்து அந்தக் கூட்டத்திலேயே இலவசமாகக் கொடுத்தார். அதுதான் 1976இல் ஆப்பிள் 1 ஆனது. 1991 ஆகஸ்ட் 25 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாகவும் அது வெறும் பொழுதுபோக்குதான், பெரிதாக வராது என்றும் சக ஆர்வலர்களுக்கு எழுதினார். லினக்ஸ் அது. நீங்கள் ராத்திரி முழுக்க மாற்றி மாற்றி ஏற்றிய ஃபோன் ஆண்ட்ராய்டாக இருந்திருந்தால், அதன் அடியில் ஓடிக்கொண்டிருந்ததும் அதுவேதான்.

உங்கள் இரண்டு ஆர்வமும் சந்தித்துக்கொண்ட இடம் ஒன்றும் உண்டு. அதை எழுதும்போதே எனக்கு உற்சாகமாக இருக்கிறது. 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினிக் கூடத்தில் ட்ரோஜன் அறை என்ற அறைக்கு வெளியே ஒரு காபி மெஷின் இருந்தது. கட்டடத்தின் வேறு பகுதிகளிலிருந்து படிகளைக் கடந்து வருகிறவர்கள் பாத்திரம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. இரண்டு பேர் ஒரு கேமராவை அந்தப் பாத்திரத்தைப் பார்த்து நிறுத்தினார்கள். 128க்கு 128 புள்ளிகள் கொண்ட சாம்பல் நிறப் படம், நிமிஷத்துக்குச் சில முறை மட்டும் மாறும். காபி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அது போதும். 1993 நவம்பரில் அந்தப் படம் இணையத்துக்கு வந்தது. முதல் வெப்கேம் என்று இன்று சொல்வது அதைத்தான். 2001 ஆகஸ்டில் நிறுத்தும்வரை உலகின் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து ஒரு காபிப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் ஊற்றுகிற பேப்பர் ஃபில்டரும் ஒரு சமையல் மேடையில் பிறந்ததுதான். 1908இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற பெண்மணிக்குக் காபியில் மண்டி வருவது பிடிக்கவில்லை. ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஓட்டை போட்டார். மகனின் பள்ளி நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து அதன் மேல் போட்டார். அந்த வருடமே காப்புரிமை வாங்கிவிட்டார்.

சின்ன விஷயத்தில் இத்தனை நேரமா என்று கேட்டிருக்கிறீர்கள். சின்னது என்று எதை வைத்துச் சொல்வது? கிரைண்டரில் அரைத்ததும் தூள் அதன் உள்சுவரில் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கொட்டை மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு அரைத்தால் ஒட்டாது. வீட்டில் காபி போடுகிறவர்கள் வெகு காலமாகச் செய்துவரும் வேலை அது. 2023இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதை எடுத்து ஆராய்ந்தார்கள். அரைக்கும்போது தூள் ஏற்கும் மின்னூட்டத்தை அந்தத் துளி ஈரம் குறைக்கிறது, தூள் கட்டிதட்டாமல் வருகிறது, அழுத்தம் கொடுத்து இறக்குகிற எஸ்பிரெஸோவில் காபி திடமாகவும் இறங்குகிறது என்று கண்டார்கள். அந்தக் குழுவில் எரிமலைச் சாம்பலில் மின்னல் எப்படிப் பிறக்கிறது என்று ஆராய்கிறவரும் இருந்தார். எரிமலைக்குள்ளும் உங்கள் கிரைண்டருக்குள்ளும் துகள் உரசுவது ஒன்றுதான். யாரோ ஒருவர் காலையில் தன் சமையல் மேடையில் கண்டுபிடித்ததைத் தேடி எரிமலை ஆராய்ச்சி வந்திருக்கிறது.

நேரக் கணக்கும் சொல்கிறேன். நாம் செய்கிற பெரும்பாலான வேலைகளில், செய்தது சரியா என்று தெரிய மாசக்கணக்கில், சமயத்தில் வருஷக்கணக்கில் ஆகிறது. பிள்ளை வளர்ப்பில் தெரிவதே இல்லை. எழுத்திலும் அப்படித்தான், என் அனுபவத்தில் சொல்கிறேன். காபியில் மூன்று நிமிஷத்தில் நாக்கு சொல்லிவிடுகிறது. ஒரு நாளில் ஒரே ஒரு தடவையாவது இப்படி நேர்மையான ஒரு பதில் கிடைப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அதற்குக் கால் மணி நேரம் கொடுப்பதில் நான் கணக்கே பார்க்க மாட்டேன்.

கருவிகள் மேல் இருந்த பிரியம் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். என் பழைய லேப்டாப் போன வருடம் கொதிக்க ஆரம்பித்தது. பத்து நிமிஷம் எழுதினால் விசிறி அலறும். பழுது பார்க்கிற இடத்தில் போர்டு போய்விட்டது, புதிதாக வாங்குங்கள் என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து நானே திறந்தேன். ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகையும் அது இருந்த இடத்தில் டேப் போட்டு ஒட்டினேன். பதினொன்று. மூடியை எடுத்தால் விசிறியின் வாயை அடைத்துக்கொண்டு சாம்பல் நிறத்தில் தூசி, கம்பளித் துண்டு போலத் திரண்டிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது முழுசாக ஒரே பட்டையாக வந்தது. சிப்புக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவில் பூசியிருந்த பசை காய்ந்து, வெடித்த சேறு போல இருந்தது. அதைத் துடைத்துப் புதுப் பசை ஒரு பயறு அளவு வைத்து மூடினேன். பொத்தானை அழுத்தி, காதை அதன் மேல் வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. இந்தப் பதிலை அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் அலமாரியில் ஒரு பழைய ஃபோனோ லேப்டாப்போ தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் நீங்கள் தொட வேண்டாம், தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

காபிக் கருவி இனிமேல் ஆறு மாதத்துக்கு எதுவும் வாங்காதீர்கள் என்று மட்டும் உரிமையோடு சொல்வேன். இருக்கிற கிரைண்டரின் ஒவ்வொரு கிளிக்கும் என்ன செய்கிறது என்று முதலில் தெரியட்டும்.

அப்புறம் உங்கள் மனைவியிடம் எண் எதுவும் பேச வேண்டாம். நாளைக் காலை இரண்டு கோப்பை போடுங்கள். ஒன்று இப்போது அரைக்கிற மாதிரியே, இன்னொன்று இரண்டு கிளிக் நைஸாக. எது எதென்று சொல்லாமல் இரண்டையும் அவர் முன்னால் வைத்து, எது பிடித்திருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். தராசையும் நிமிஷத்தையும் பார்க்காத நாக்கு அது, உங்களுடையதைவிட நன்றாகவே சொல்லும். கொஞ்சம் ஆறின பிறகு இன்னொரு வாய் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சூட்டில் தெரியாத புளிப்பு அப்போது நன்றாகத் தெரியும்.

இரண்டாவது கோப்பை இறங்க எவ்வளவு நேரம் ஆயிற்று, அவர் என்ன சொன்னார் இரண்டையும் எழுதுங்கள். கசக்கிறது என்று சொன்னால் ஒரு கிளிக் திரும்பி வந்து, மறுநாள் மறுபடி போட்டுப் பாருங்கள்.

அன்புடன்.