ஆப்பிரிக்கக் கலை விழாக்களால் உள்ளூர் மக்களுக்கு என்ன பயன்? வெளிநாட்டுப் பயணிகள்தானே அனுபவிக்கிறார்கள்?

நேரில் பார்த்த ஒரு விழாவை வைத்துச் சொல்கிறேன். தான்சானியாவின் டார் எஸ் சலாம் நகரில் வேலை பார்த்த காலத்தில் இரண்டு முறை கப்பலேறி, அந்நாட்டின் சான்சிபார் தீவில் நடக்கும் ‘சவுதி சா புசாரா’ இசை விழாவுக்குப் போனேன். ‘ஞானத்தின் ஒலிகள்’ என்பது அந்தச் சுவாகிலிப் பெயரின் பொருள். 2004இல் தொடங்கியது; பிப்ரவரியில் நடக்கும்.

ஓமானியர் கட்டிய பழைய கோட்டைக்குள் மேடை. வெளியே வந்தால் எதிரிலேயே ஃபொரோதானி பூங்கா. உரோஜோ என்ற உள்ளூர்ப் புளிப்பு சூப், கரும்புச்சாறு, கம்பியில் சுட்ட இறைச்சி விற்கும் கடைகளில் அந்த நாட்களில் நிற்க இடம் கிடைக்காது. விடுதி, படகு, வாடகைக் கார் வரும்படியைச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் என்னை அசைத்தது கோட்டைக்குள் கண்ட கூட்டம். வெளிநாட்டவர் கொடுப்பதில் சிறு பங்குதான் உள்ளூர்வாசிகளுக்கு டிக்கெட் விலை. அதனால் ‘கங்கா’ என்ற வண்ணப் பருத்தித் துணி போர்த்திய பெண்கள் குழந்தை குட்டியோடு வந்திருந்தார்கள். அரபுச் சாயல் கொண்ட சுவாகிலி இசையான தாரப் பாட்டு தொடங்கியதும் என் அருகில் இருந்த அம்மா எழுந்து, மெல்ல ஆடியபடியே மேடைக்குப் போய்ப் பாடகியின் கையில் ஒரு பண நோட்டை வைத்துவிட்டு வந்தார். ‘இந்த வரி என் மனதைச் சொல்கிறது’ என்று தெரிவிக்கும் பழைய வழக்கம் அது. கல்யாண வீடுகளில் செய்வதை அந்தப் பெரிய மேடையின் முன்னும் கூச்சமில்லாமல் செய்தார். அது அவருடைய விழா.

இன்னொன்று, ஒலிப்பதிவுக்கு வாயசைக்க அங்கே இடமில்லை; நேரடியாக வாசித்தே ஆக வேண்டும். 2002இல் அந்த ஊரில் தொடங்கிய தௌ கன்ட்ரீஸ் இசைக் கல்விக்கூடத்தில் கானூன், ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியங்களைக் கற்கும் பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன ஊக்கம் வேண்டும்? தொண்ணூறு வயதைத் தாண்டியும் சான்சிபாரின் புகழ்பெற்ற தாரப் பாடகி பி கிடூடே முழவு கொட்டிப் பாடியது இந்த மேடையில்தான். 2013இல் அவர் மறைந்துவிட்டார்.

எனக்கு இருக்கும் கவலை வேறு. உள்ளூர் மக்களுக்காக விலையைக் குறைத்து வைப்பதால் டிக்கெட் வருமானம் செலவுக்குப் போதாது. நன்கொடையாளர்களை நம்பியே நடத்த வேண்டியிருக்கிறது. போதிய நிதி சேராமல் 2016இல் விழா நடக்கவே இல்லை. மறு ஆண்டு மீண்டது. விழா இல்லாத அந்தப் பிப்ரவரியைக் கடைக்காரர்கள் எப்படியாவது சமாளித்திருப்பார்கள். ஆண்டு முழுவதும் ஒத்திகை பார்த்த பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் ஆறவில்லை.