கருவாடும் ரத்த அழுத்தமும்

கேள்வி: பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். கருவாட்டுக் குழம்பை அடியோடு விட்டுவிட வேண்டுமா? – வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: பிரஷர் கட்டுக்குள் இருந்தால், எப்போதாவது இரண்டு சிறு துண்டு சாப்பிடலாம். ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். கருவாட்டை முழுசாக ஊறப்போட்டால் உள்உப்பு இறங்காது. துண்டு போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் வையுங்கள். தண்ணீரை மாற்றி இன்னும் இரண்டு தடவை. கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், சதை உதிர்ந்துவிடும். குழம்பில் தனியாக உப்பே போடாதீர்கள். கத்தரிக்காய், மொச்சை நிறையச் சேருங்கள், கரிப்பு அதில் பரவிவிடும். அன்றைக்கு ஊறுகாய், அப்பளம் கிடையாது. சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் உண்டு; சில பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.