நாற்காலியில் சறுக்கும் குழந்தை: குறை அளவில்தான்

கேள்வி: மகளுக்கு நான்கு வயது, மூளை முடக்குவாதம். தலை நிற்கிறது, தானாக உட்கார முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டால் கட்டினாலும் சறுக்கி இறங்கிவிடுகிறாள். தெரபிக்கு மாதம் ஒருமுறைதான் டவுனுக்குப் போக முடிகிறது. நாள் முழுக்க என் மடியில்தான். வேறு யாரிடமும் விடப் பயமாக இருக்கிறது.

பதில்: அந்த நாற்காலியின் இருக்கை அவள் தொடையைவிட நீளம். முதுகு சாய வேண்டுமென்றால் இடுப்பு முன்னே நகர்ந்தாக வேண்டும். பாதம் அந்தரத்தில் தொங்கினால் உடம்பு விறைக்கும், இன்னும் சறுக்கும். துண்டு மேலேறி நெஞ்சை அழுத்தும். அதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

உங்கள் ஊர் ஆசாரியே 12 மி.மீ. ப்ளைவுட்டில் சரியான நாற்காலி செய்துவிடுவார். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணமாக மடங்கும்படி இருவர் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் அளக்கட்டும். புட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து இரண்டு விரற்கடை கழித்தால் இருக்கையின் நீளம். மடிப்பிலிருந்து குதிகால் வரை பாதப்பலகையின் இறக்கம். மடக்கிய முழங்கை உயரத்தில் முன்தட்டு. கட்டும் பட்டை வயிற்றில் வேண்டாம். இருக்கையின் பின்மூலையிலிருந்து 45 டிகிரி சாய்வில் வந்து தொடை மடிப்பில் படிய வேண்டும். பலகை அறுப்பதற்கு முன் அளவுகளைத் தெரபிஸ்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள். தொடையின் பின்தசை இறுக்கமாக இருந்தால் அவர் அளவை மாற்றச் சொல்லலாம்.

முதல் வாரம் 15 நிமிடம் போதும். எடுத்ததும் தோலைப் பாருங்கள். சிவப்பு அரைமணி நேரத்தில் மறையாவிட்டால் அந்த இடம் அழுந்துகிறது.

நாற்காலி வந்துவிட்டால் பாட்டியும் பக்கத்து வீட்டு அக்காவும் பார்த்துக்கொள்ளலாம். முதலில் புட்டம் பின்பலகையை முட்ட வேண்டும், அப்புறம் பட்டை, கடைசியில் பாதம். இந்த வரிசை மாறினால் பழையபடி சறுக்கல்தான். சரியாக உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றை நாற்காலியின் முதுகில் ஒட்டிவிடுங்கள். சோறு ஊட்டுபவரிடம் தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது என்று கட்டாயம் சொல்லுங்கள், புரையேறும். உங்களுக்கும் தினம் ஒரு மணி நேரமாவது கை ஓய வேண்டும், அதற்காகக் கூச்சப்படாமல் உதவி கேளுங்கள்.

நாற்காலியோடு அங்கன்வாடிக்கும் அனுப்பலாம். மாற்றுத்திறன் குழந்தைகளைச் சேர்த்து நடத்துவதற்கென்றே 2023இல் மத்திய அரசு அங்கன்வாடிகளுக்கு நெறிமுறை தந்திருக்கிறது. டீச்சரிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள். கல்வித் துறையின் வட்டார வள மையத்தில், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பு ஆசிரியரையும் பாருங்கள். யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மூளை முடக்குவாதத்துக்கான சிறப்பு நாற்காலிக்கு மனு கொடுத்து வையுங்கள். அதுவும் அளவுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும். கால்தான் சீக்கிரம் வளரும் என்பதால் பாதப்பலகைக்கு ஒரு அங்குல இடைவெளியில் மூன்று துளைகள் போட்டு, இறக்கிக்கொள்ளும்படி ஆசாரியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.